பதினேழாவது கேள்வி

ஓஷாவா, சிம்கோ தெரு. கீழே டோனட் கடை,
மேலே வழக்கறிஞர் அலுவலகம்.
பதினாறு கேள்விகளுக்கும் மளமளவென்று பதில் எழுதிவிட்டேன்:
வீடு யாருக்கு, சேமிப்பு யாருக்கு,
மூச்சுக்குழாய் வேண்டுமா, வேண்டாமா.
பதினேழாவதற்கு மட்டும்
இரண்டே இரண்டு கோடு விட்டிருந்தார்கள்:
உங்கள் கடைசி நாள் எப்படி இருக்க வேண்டும்?

சோதீஸ்வரன் தன் தாளில்
‘சுணங்காமல்’ என்று எழுதிவிட்டு
பார்க்கிங் நேரம் முடியுது என்றார்.
முப்பத்துநாலு வருடமும் இப்படித்தான்.
நான் தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்தேன்.

பதினொரு வருடம்
முதியோர் இல்லத்தில் இரவு வேலை செய்தவள் நான்.
எத்தனை கடைசி நாள் பார்த்திருப்பேன்!
அநேகமாக எல்லாம்
சாதாரணச் செவ்வாய்க்கிழமை போலத்தான் இருந்தன.
ஒருத்தி ஹீட்டரைக் குறைக்கச் சொன்னாள்.
ஒருவர், பனியில் விட்ட காருக்கு
அபராதச் சீட்டு வந்துவிட்டதா என்று கேட்டார்.
கார் விற்று இருபது வருடம்.

இருநூற்றுப் பன்னிரண்டாம் அறை, மிஸஸ் கோவால்ச்சுக்.
ஆங்கிலத்தில் பள்ளிக்கூடமே நடத்தியவ.
கடைசி ஐந்து மாதம் உக்ரேன் மொழி மட்டுந்தான்.
ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லுவா.
நாங்கள் தலையணை மாற்றினோம்,
கட்டிலை உயர்த்தினோம்,
இன்னும் ஒரு கரண்டி கஞ்சி ஊட்டினோம்.
எல்லாம் முடிந்த பிறகு மகன் சொன்னான்,
அந்தச் சொல்லுக்கு அர்த்தம்
‘போதும்.’

இரவு, சமையலறை மேசையில் தாளை விரித்தேன்.
கடைசி நாளை ஊசிபோல் பிடித்துக்கொண்டு
நூலைப் பின்னுக்கு இழுத்துப் பார்த்தேன்.

ஜன்னல் வேண்டும்.
ஏரி தெரியத் தேவையில்லை. பஸ் தரிப்பிடம் தெரிந்தால் போதும்,
சனம் ஏறி இறங்குவதைப் பார்க்க.
அப்படியென்றால் நகரத்து நடுவில்.
அப்படியென்றால் இந்த நாலறை வீட்டை
எழுபது வயதுக்குள் விற்க வேண்டும்.
அப்படியென்றால் பேஸ்மென்டில்
‘ஒருநாள் திருத்தலாம்’ என்று அவர் அடுக்கிய
ஐந்து பிரின்டரும்
இந்தக் கோடையில் வெளியே போக வேண்டும்.

முழங்கால் ஆபரேஷனை இனியும் தள்ளக் கூடாது.

பிடிக்க ஒரு கை வேண்டும்.
மகள் கல்கரியில். விமானத்தில் நாலு மணித்தியாலம்,
பனிப்புயல் என்றால் இரண்டு நாள்.
கிட்ட யார் இருக்கினம்?
இரண்டு தெரு தள்ளிக் கமலாசனி,
பதினாலு வருடமாக நான் கதைக்காதவள்.
சீட்டுக் காசு, எண்ணூறு டாலர்.
யாருடைய பிழை என்று
மறந்துவிட்டேன் என்றே எழுத ஆசை.
மறக்கவில்லை.

என் ஆங்கிலம்தான் முதலில் போகும்.
கடைசியாக வந்த விருந்தாளி அது,
முதல் ஆளாய்ச் செருப்பைத் தேடும்.
ஆகவே, கட்டில் தலைமாட்டில் ஒட்ட
ஒரு மட்டை வெட்டினேன்:
தண்ணி. நோகுது. குளிருது. போதும்.
பக்கத்தில் அவர்களுடைய எழுத்தில் உச்சரிப்பு.
நாலாவது சொல்லில் பேனை நின்றது.
சோற்றுக்கும் அதே சொல்தான்,
உயிருக்கும் அதே சொல்தான்.
இருபது வயதுப் பிள்ளை ஒன்று
நடுச்சாமத்தில் எதை என்று எடுக்கும்?
கீழே எழுதினேன்:
கையைக் கோப்பைமேல் விரித்தால், சோறு.
சும்மா சொன்னால், மற்றது.

தண்ணீர் குடிக்க எழும்பி வந்த சோதீஸ்வரன்
கண்ணாடி போடாமல் மட்டையைத் தூரப் பிடித்து வாசித்தார்.
பென்சில் எடுத்து
‘பிளேன்ரீ, சீனி இரண்டு’ என்று சேர்த்தார்.
எனக்கோ உங்களுக்கோ என்றேன்.
“ஆர் முந்தினமோ, அவைக்கு.”

விடிய, கமலாசனி வீட்டு வாசலில்
பனி வழிக்காமல் கிடந்தது.
அவளுடைய சவளைத்தான் எடுத்தேன்.
இரண்டு தரம் வாரி, ஒரு தரம் நின்று,
காலை மாற்றி, திரும்ப வாரி.
திரை அசைந்தது. நான் நிமிரவில்லை.
கைப்பைக்குள் தாள். இரண்டு கோடும் வெறுமை.
கதவு அரைவாசி திறந்தது.
முகம் வர முன்னம் குரல் வந்தது:
“உப்பையும் போடு,
இல்லாட்டிச் சறுக்கும்.”